அம்பை நிமிர்த்திய கட்டைவிரல்

கூர் மழுங்கிய அம்பைத் தீட்டிக்கொள்ளலாம். தண்டே வளைந்துபோனால் என்ன செய்வது? வேட்டையை நம்பி வாழ்ந்த மக்களுக்கு இஃது அன்றாடக் கவலை. நாணிலிருந்து விடுபடும் அம்பு, வில்லின் ஓரமாக நெளிந்துதான் வெளியேறுகிறது. ஒவ்வோர் அம்பும் ஒரே மாதிரி நெளிந்தால்தான் குறி வாய்க்கும். தண்டில் ஏற்கெனவே வளைவு இருந்தால் வாலில் கட்டிய இறகு கொஞ்சம் சரிசெய்யும். மீதியை மான் பார்த்துக்கொள்ளும், ஓடிவிடும். மலேசியப் பூர்வக்குடியினரின் ஊதுகுழலில் முதலில் நேராக இருக்க வேண்டியது குழல். வில்லில் அந்தப் பாரம் முழுவதும் அம்பின் மீதே விழுகிறது.

அம்பை நிமிர்த்தும் இந்தக் கைவேலையை அருகில் இருந்து பார்த்து எழுதிவைக்கும் வாய்ப்பு அமெரிக்க மருத்துவர் ஒருவருக்குக் கிடைத்தது. அவர் சாக்ஸ்டன் போப். கற்றுக்கொடுத்தவர் இஷி. யாஹி இனத்தின் கடைசி மனிதர் என்று அறியப்பட்டவர் அவர்.

1849-இல் கலிபோர்னியாவில் தங்க வேட்டை சூடுபிடித்ததற்குப் பிந்தைய ஆண்டுகளில், வந்தேறிகள் யாஹி மக்களைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றார்கள். தப்பிய சிலர் மலைப்பள்ளத்தாக்குகளில் சுமார் 40 ஆண்டுகள் ஒளிந்து வாழ்ந்தார்கள். 1911 ஆகஸ்டு 29-ஆம் தேதி, ஓரோவில் ஊரின் இறைச்சிக்கூடம் ஒன்றின் அருகே, பட்டினியால் மெலிந்த ஒருவர் தனியாகக் காணப்பட்டார். மானிடவியலாளர்கள் அவரைச் சான் பிரான்சிஸ்கோவிலிருந்த பல்கலைக்கழக அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் சென்றனர். தம் பெயரை அவர் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. 'இஷி' என்றால் அவர்கள் மொழியில் 'மனிதன்', அவ்வளவுதான்.

அருங்காட்சியகத்தை ஒட்டியிருந்த மருத்துவமனையில் போப் அறுவை மருத்துவர். 1912-இல் தொடங்கிய பழக்கம் நட்பாகி, மருத்துவர் மாணவரானார்.

இஷி ஹேசல் வகைப் புதரின் இளங்கிளைகளை விரும்பி எடுப்பார். சுமார் 3 அடி நீளத்தில், விரலைவிட மெல்லியதாகப் பலவற்றை ஒன்றாக வெட்டி, பட்டையை உரித்து, கட்டாகக் கட்டிக் காயவிடுவார். கட்டுக்குள் இருக்கும் குச்சிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால் காயும்போது அதிகம் கோணுவதில்லை. காய்ந்தபின் நல்லவற்றை மட்டும் பொறுக்குவார்.

பிறகுதான் நெருப்பு வேலை. சுள்ளிகளை எரித்துத் தணல் உண்டாக்குவார். குச்சியில் வளைவு உள்ள இடத்தைத் தணலுக்கு அருகே, கருகாதபடி காட்டுவார். அது நன்றாகச் சூடேறியதும் கட்டைவிரலை அங்கே வைத்து, மெதுவாக எதிர்ப்பக்கம் அழுத்துவார். அவ்வப்போது தண்டின் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்து நீளவாட்டில் நோக்குவார். இன்னும் கோணல் இருந்தால் மறுபடியும் தணல், மறுபடியும் கட்டைவிரல். பெரிய கோணலுக்குக் கால் கட்டைவிரலையே பட்டறையாக்கிக்கொள்வார்! அதன்பின் மணற்கல்லால் தேய்த்து வழவழப்பாக்குவார்.

இதில் மந்திரம் ஏதுமில்லை. மரநார்களைப் பிணைத்திருக்கும் லிக்னின் என்ற பொருள் சூட்டில் இளகுகிறது. ஆறும்போது புதிய வடிவத்திலேயே இறுகிவிடுகிறது. குளிர்ந்த குச்சியை வளைத்தால் பழையபடி திரும்பும், அல்லது ஒடியும். ஈரம் பட்டாலோ நிமிர்த்திய தண்டும் மீண்டும் கோணலாம். அதனால் மரத்தண்டு அம்பைச் செய்து முடித்துவிட்டோம் என்று வேட்டைக்காரர் ஓய்ந்திருக்க முடியாது. மழைக்குப் பிறகு ஒருமுறை, எய்து மீட்ட பிறகு ஒருமுறை என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஓர் அம்புக்கு இவ்வளவு பாடு என்று அறியும்போதுதான் 1908-இல் நடந்தது எவ்வளவு பெரிய கொடுமை என்று விளங்குகிறது. நில அளவைக்கு வந்த குழுவினர், இஷியும் தாயும் மற்றும் இருவரும் ஒளிந்திருந்த குடியிருப்பைக் கண்டுபிடித்தார்கள். நடமாட இயலாத அந்தத் தாயை அங்கேயே விட்டுவிட்டு, வில், அம்பு, கூடை, கருவிகள் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் நினைவுப்பொருளாக வாரிக்கொண்டு போனார்கள். காய வைத்து, நிமிர்த்திப் பேணிய அம்புகள் ஒரே நாளில் போயின. தாயும் சில நாள்களில் இறந்துவிட்டார். மூன்றாண்டு கழித்து இறைச்சிக்கூடத்தருகே இஷி பட்டினியோடு நின்றதற்கு இந்தக் கொள்ளையும் ஒரு காரணம்.

இஷி 1916 மார்ச் 25-இல் காசநோயால் காலமானார். அவரது உடலோடு ஒரு வில்லையும் 5 அம்புகளையும் வைத்தனர். தாம் கற்றதைப் போப் 1918-இல் ஆய்வேடாகவும், 1923-இல் பொதுமக்களுக்கான நூலாகவும் வெளியிட்டார். அந்த நூலே அமெரிக்காவில் வில் வேட்டைக்குப் புத்துயிர் கொடுத்தது. இன்று பலர் கார்பன், அலுமினியத் தண்டுகளைக் கருவியில் சுழலவிட்டு ஆட்டம் பார்க்கிறார்கள். மரத்தண்டையே விரும்புகிறவர்கள் மட்டும் அதைக் கண்ணுக்கு நேரே பிடித்து, சூடுகாட்டி, விரலால் அழுத்துகிறார்கள்.