கிளாரினெட்டின் அடியில் ஒரு 300 வருடக் கணக்கு

பி.காம் படிக்கிறவனுக்கு கிளாரினெட்டில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். இதிலும் ஒரு பற்று வரவு இருக்கிறது :)

நாதஸ்வரத்துக்கு அணசு மாதிரி கிளாரினெட்டின் அடியிலும் விரிந்த ஒரு பாகம் உண்டு. பெயர் பெல். சத்தத்தைப் பெரிதாக்கத்தான் அது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அதைக் கழற்றிவிட்டு நடு ஸ்வரங்களை ஊதினாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. அவற்றின் ஒலி திறந்திருக்கும் துளைகள் வழியாகவே வெளியேறிவிடுகிறது. எல்லாத் துளைகளையும் மூடும்போதுதான் பெல்லுக்கு முழு வேலை.

சரி, வரலாற்றுக்கு வருவோம். ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் 1700 வாக்கில் டென்னர் உருவாக்கிய கிளாரினெட்டுக்கு இரண்டே விசைகள். அடி ஸ்வரம் 'எஃப்'. மேல் ஸ்தாயிக்குத் தாவும்போது புல்லாங்குழலில் எட்டாவது ஸ்வரம் வரும், கிளாரினெட்டில் பன்னிரண்டாவது வரும். அதாவது 'எஃப்' தாவினால் 'சி'. அதற்கு ஒரு படி கீழே உள்ள 'பி' மட்டும் ஒழுங்காகக் கிடைக்கவில்லை. 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் அடிப்பகுதியை நீட்டி மூன்றாவது விசை வைத்தார்கள். அடியில் 'ஈ' வந்தது, அது தாவி 'பி'யும் வந்தது.

வம்பும் அங்கேதான் ஆரம்பம். ஒரே குழாய் நீளம் இரண்டு ஸ்வரங்களுக்குப் பொறுப்பு. பல கிளாரினெட்டுகளில் 'பி' சரியாக இருக்கும், அடி 'ஈ' கொஞ்சம் இறங்கி ஒலிக்கும். பெல்லைக் குட்டையாக்கினால் 'ஈ' சரியாகும், 'பி' ஏறிவிடும். 1839-இல் பாரிஸ் கண்காட்சியில் க்ளோஸேயும் பூஃபேயும் துளைகளையெல்லாம் இடம் மாற்றி வைத்த புதிய கிளாரினெட்டைக் காட்டினார்கள். அதிலும் இந்தச் சிக்கல் தீரவில்லை. இது துளையின் பிரச்சினை இல்லையே, குழாய் முடியும் இடத்தின் பிரச்சினை.

ஜெர்மன் கிளாரினெட்டுகளில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். பெல்லிலேயே ஒரு துளை போட்டு, அதற்குத் தனி விசை. அடி 'ஈ', 'எஃப்' வாசிக்கும்போது மட்டும் திறந்தால் போதும், 'பி' கெடாது. பதிலுக்கு எடையும் விலையும் கூடும், பழுதாக இன்னொரு பாகமும் சேரும்.

2000-களில் கனடாவின் வான்கூவரில் மோரி பேக்கன் கோகோபோலோ போன்ற மரங்களில் கடைந்த பெல்களைத் தனியாகவே விற்றார். நாதம் உருண்டையாக வருகிறது என்று கலைஞர்கள் வாங்கினார்கள். மரத்தைவிட உள்வடிவம்தான் முக்கியம் என்பது ஒலியியல் ஆராய்ச்சியாளர்கள் பலரின் கட்சி. இரண்டும் சேர்ந்தே மாறுவதால் வாதம் முடிந்தபாடில்லை.

இரட்டைப் பதிவு முறையில் ஒரு பக்கம் எழுதினால் மறுபக்கமும் எழுதியே ஆகவேண்டும். பெல்லும் அப்படித்தான். ஒரு ஸ்வரத்தை மட்டும் திருத்துகிறேன் என்று யாராவது சொன்னால், மற்றது என்ன ஆச்சு என்று கேளுங்கள்.