யாரிடம் போய்ச் சொல்ல?

எங்கள் ஆச்சி போலீஸ் ஸ்டேஷனைக் 'கச்சேரி' என்றுதான் சொல்வார். "கச்சேரிக்கு இழுத்துட்டுப் போயிருவாங்கல" என்று அவர் மிரட்டும்போது சின்ன வயதில் எனக்குப் பயமே வராது. யாரோ பாடப்போகிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். தாலுகா ஆபீஸும் அவருக்குக் கச்சேரிதான். தீர்வை கட்டப் போகிற இடத்துக்கும் அடி வாங்கப் போகிற இடத்துக்கும் எப்படி ஒரே பெயர் வந்தது என்று கேட்க அப்போது தோன்றவில்லை.

2020 ஜூனில் கோவில்பட்டி எல்லாச் செய்திகளிலும் வந்தது. சாத்தான்குளத்தில் ஊரடங்கு நேரம் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லி ஜூன் 19 அன்று ஒரு தந்தையையும் மகனையும் போலீஸ் பிடித்துக்கொண்டுபோனது. மறுநாள் அவர்களை அங்கிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைத்தார்கள். 22-ஆம் தேதி இரவு மகனும், 23-ஆம் தேதி காலை தந்தையும் கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் இறந்தார்கள். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஊருக்கே தெரியும். எனக்கு மட்டும் ஒரு கேள்வி விடாமல் ஓடிக்கொண்டே இருந்தது. அந்த 20-ஆம் தேதிக்கும் 22-ஆம் தேதிக்கும் நடுவில் அந்த வீட்டுப் பெண்கள் யாரிடமாவது புகார் சொல்ல நினைத்திருந்தால், சட்டப்படி யாரிடம் போயிருக்க வேண்டும்?

அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனபோதுதான் ஆச்சியின் கச்சேரிக்கும் பதில் கிடைத்தது.

*

கரிசக்காட்டில் காவல் என்பது பழைய சொல். களத்து மேட்டில் கிடக்கும் பருத்திக்கும் கம்புக்கும் காவல்காரருக்கு ஒரு பங்கு உண்டு. ஊருக்குள் ஸ்தலகாவல், வட்டாரத்துக்குத் தேசகாவல். அதன் பேரில் பாளையக்காரர்கள் பணமும் தானியமும் வாங்கினார்கள். 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட பிறகு, பாளையங்கள் ஒடுங்கி ஜமீன்கள் ஆயின. காவல் உரிமையைக் கம்பெனி தன் கைக்கு எடுத்துக்கொண்டது.

எடுத்த காவலை யாரிடம் கொடுப்பது? 1816-ல் மன்றோவின் யோசனைப்படி வந்த பதினோராவது ரெகுலேஷன் அதைத் தாசில்தாரிடம் கொடுத்தது. தீர்வை வசூலிப்பவரே திருடனையும் பிடிப்பார். கீழே கிராம முன்சீப்பும் தலையாரியும் அவருக்கு ஆள். ஒரே கட்டடம், ஒரே சேவகர்கள். கச்சேரி என்ற சொல் இரண்டு இடத்துக்கும் பொதுவானது இப்படித்தான் இருக்க வேண்டும்.

வேலை ரொம்பச் சுலபமாகிவிட்டது. மழை பொய்த்து விவசாயி தீர்வை கட்டவில்லை என்றால், வசூலிக்க வந்தவனிடமே அடிக்கிற அதிகாரமும் இருந்தது. விரல்களைக் கட்டைகளுக்கு நடுவில் வைத்து நெரிக்கும் 'கிட்டி', தலையைக் காலோடு சேர்த்து வளைத்துக் கட்டி வெயிலில் நிறுத்தும் 'அண்ணாந்தாள்'. இந்தப் பெயர்கள் எனக்கு எந்த நாட்டார் கதையிலும் கிடைத்தவையல்ல. அரசாங்க அறிக்கையில், ஆங்கில எழுத்தில், உச்சரிப்பு சிதைந்து அச்சாகியிருக்கும் தமிழ்ச் சொற்கள்.

அந்த அறிக்கை வந்த கதையையும் சொல்ல வேண்டும். காஜுலு லட்சுமிநரசு செட்டியின் சென்னை சுதேசி சங்கம் லண்டன் பாராளுமன்றத்துக்கு மனுப் போட்டது. டான்பி சீமர் என்ற எம்.பி. நேரில் வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். 1854 ஜூலையில் காமன்ஸ் சபையில் விவாதம் கிளம்பியது. இந்தியாவில் சித்திரவதையே இல்லை என்று ஒரு தரப்பு சாதித்தது. கடைசியில் சென்னையில் மூன்று பேர் கொண்ட கமிஷன் ஒன்றைப் போட்டார்கள்.

மூன்று பேரும் வெள்ளைக்காரர்கள். ஸ்டோக்ஸ் வருவாய் நிர்வாகத்தில் பழகிய அதிகாரி, நார்ட்டன் வக்கீல். எலியட் சென்னை நகரத்தின் தலைமை மாஜிஸ்திரேட், போலீஸ் சூப்பிரண்டென்டும் அவரே. பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச் அவர் பெயரில் இருப்பதுதான். காவல் கொடுமையை விசாரிக்கும் மூவரில் ஒருவர் காவல் அதிகாரி என்பதைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியிருந்தும் அந்தக் கமிஷன் ஒன்றை உருப்படியாகச் செய்தது. புகார் உள்ளவர்கள் வரலாம் என்று ஊர் ஊராக அறிவிப்பு போட்டது. மூன்று மாதத்தில் 1,959 புகார்கள். அதில் 1,440 எழுத்தில் வந்தவை. 519 பேர் நேரிலேயே போய் நின்றார்கள். கோவில்பட்டியிலிருந்து சென்னைக்கு இன்றைக்கு ரயிலில் ஒரு ராத்திரி. அன்றைக்கு ரயிலே கிடையாது. தெற்குச் சீமை விவசாயி ஒருவன் போய்ச் சொல்ல வேண்டுமென்றால் வாரக்கணக்கில் நடக்க வேண்டும். திரும்பி வரும்போது அதே தாசில்தார் ஊரில் இருப்பார்.

1855 அறிக்கை சித்திரவதை நடக்கிறது என்று ஒப்புக்கொண்டது. பழியைச் சுதேசி சேவகர்கள் மேல் போட்டுவிட்டு ஐரோப்பிய அதிகாரிகளைத் தப்பவிட்டது. ஆனால் நியாயம் கேட்டுப் போவது எவ்வளவு கஷ்டம் என்பதை மறைக்கவில்லை. 1857 செப்டம்பரில் நியூயார்க் டெய்லி ட்ரிப்யூனில் கார்ல் மார்க்ஸ் எழுதிய கட்டுரை பிடித்துக்கொண்டது இந்த இடத்தைத்தான். சிப்பாய்களின் கொடூரம் பற்றி லண்டன் பத்திரிகைகள் கொந்தளித்துக்கொண்டிருந்த நேரத்தில், அவர் சென்னை மாகாண விவசாயியின் விரலைக் காட்டினார்.

*

அறிக்கையின் முக்கியமான பரிந்துரை, வருவாயையும் போலீஸையும் பிரிக்க வேண்டும் என்பது. அதிலிருந்து வந்தது 1859-ஆம் ஆண்டின் 24-ஆவது சட்டம், சென்னை மாவட்டக் காவல் சட்டம். வில்லியம் ராபின்சன் முதல் தலைவர். 1861-ல் இந்தியா முழுமைக்கும் வந்த போலீஸ் சட்டத்துக்கு முன்னோடி இதுதான். தமிழ்நாட்டில் 1859 சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது.

அந்தச் சட்டத்தை இயற்றிய சபை கல்கத்தாவில் இருந்தது. உறுப்பினர்கள் ஒரு டஜன் பேர். சென்னை மாகாணத்துக்கு ஒரே ஒரு ஆள், அவரும் அதிகாரி. இந்தியர் ஒருவர்கூட இல்லை. ஆனாலும் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. மசோதாவை அரசிதழில் போட்டு, தெரிவுக்குழுவுக்கு அனுப்பி, குழு ஒவ்வொரு பிரிவாகப் பார்த்து அறிக்கை தந்த பிறகு சபையில் பேசுவார்கள். ஜனநாயகமே இல்லாத சபைக்குக்கூட, 'அவசரப்பட்டால் தப்பாகிவிடும்' என்ற பயம் இருந்திருக்கிறது.

நான் சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவன். எங்கள் தொழிலில் ஒருவர் எழுதிய கோடை இன்னொருவர் படித்துப் பார்க்காமல் லைவுக்கு அனுப்ப மாட்டோம். எழுதியவர் கெட்டிக்காரர் என்பது ஒரு காரணமே ஆகாது. சட்டசபைக் குழுவும் அந்த மாதிரி ஓர் ஏற்பாடுதான். அது இரண்டு விஷயத்தைப் பார்க்கலாம். ஒன்று, மசோதாவில் என்ன எழுதியிருக்கிறது. இன்னொன்று, அந்தச் சட்டம் உருவாக்கும் நாற்காலியில் யார் உட்காரப் போகிறார்கள். அமெரிக்காவின் பல மாநிலங்களில் கவர்னர் ஒருவரைப் பதவிக்கு நியமித்தால், செனட் குழு அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பொதுவில் கேள்வி கேட்கும். கட்சி அரசியல் அங்கேயும் உண்டு. ஆனால் கேட்ட கேள்வியும் சொன்ன பதிலும் பதிவில் இருக்கும்.

நம்மூரில் இந்த இரண்டாவது வேலை சட்டசபைக் குழுக்களுக்கு இல்லவே இல்லை. மாநில மனித உரிமை ஆணையத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்க முதல்வர், சபாநாயகர், உள்துறை அமைச்சர், எதிர்க்கட்சித் தலைவர் கூடுகிறார்கள். மூடிய அறையில் பேசி ஒரு பெயரோடு வெளியே வருகிறார்கள். டி.என்.பி.எஸ்.சி. உறுப்பினர்களுக்கு அதுவும் கிடையாது. 2016 ஜனவரி கடைசி நாளில் ஒரே மூச்சில் 11 பேரை நியமித்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் உயர் நீதிமன்றம் அந்த நியமனங்களை ரத்து செய்தது. முறையான பரிசீலனையே நடக்கவில்லை என்பது காரணம். ஒரு குழு முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை, பதினோரு மாதம் கழித்து நீதிபதிகள் கோப்பைப் புரட்டிக் கேட்டார்கள்.

முதல் வேலைக்கு விதி இருக்கிறது. சட்டமன்ற விதிகளின்படி மசோதாவைத் தெரிவுக்குழுவுக்கு அனுப்பலாம். ஆனால் மசோதா அறிமுகமாகி, அதே கூட்டத்தொடரில் 'ஆம் என்போர் ஆம் என்க' என்று குரல் வாக்கில் நிறைவேறிவிடுவதே இங்கே வழக்கம். 2023 ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா இப்படித்தான் நிறைவேறியது. ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன. மூன்று நாளில் நிறுத்திவைத்தார்கள், மே தினத்தன்று திரும்பப் பெற்றுக்கொண்டதாக முதல்வர் அறிவித்தார். தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் நிற்கும் நாலு பெண்களைக் குழு முன்னால் கூப்பிட்டுக் கேட்டிருந்தால், முதல் நாளே அந்த மசோதாவின் கதி தெரிந்திருக்கும்.

*

இப்போது என் பழைய கேள்விக்கு வருகிறேன். யாரிடம் போவது?

2006 செப்டம்பர் 22 அன்று பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏழு உத்தரவுகள் போட்டது. அதில் ஒன்று போலீஸ் புகார் ஆணையம். காவலில் சாவு, கொடுங்காயம், பாலியல் வன்முறை போன்ற புகார்களை அது விசாரிக்க வேண்டும். மாநில அளவில் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற நீதிபதி தலைவர், மாவட்ட அளவில் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி. போலீஸுக்கு வெளியே ஒரு காது என்பதுதான் யோசனையின் உயிர்.

தமிழ்நாடு 2013-ல் காவல் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. ஆணையமும் அதில் இருந்தது. தலைவர் உள்துறைச் செயலர். உறுப்பினர்கள் டி.ஜி.பி.யும் ஏ.டி.ஜி.பி.யும். மாவட்டத்தில் கலெக்டர் தலைவர், எஸ்.பி. உறுப்பினர். 2019-ல் இந்த ஆணையங்களை அமைத்தும் ஆயிற்று.

ஆக, 2020 ஜூன் 21-ல் அந்த வீட்டார் சட்டத்தைப் படித்துவிட்டுப் புறப்பட்டிருந்தால், மாவட்ட எஸ்.பி. உட்கார்ந்திருக்கும் மேஜைக்கே போய்ச் சேர்ந்திருப்பார்கள். தங்கள் வீட்டு ஆட்களைப் பிடித்துக்கொண்டுபோன இன்ஸ்பெக்டர் யாருக்குக் கீழே வேலை பார்த்தாரோ, அவருடைய மேஜை. பக்கத்தில் கலெக்டர். வருவாயும் போலீஸும் மறுபடி ஒரே கட்டடத்தில். 1816-ன் கச்சேரி.

கேரளத்தையும் சொல்லிவிடுகிறேன். அங்கே 1980-லிருந்து துறைவாரியாகச் சட்டமன்றப் பொருட்குழுக்கள் உண்டு. மசோதாக்கள் அவற்றின் வழியாகப் போகும். 2010-ல் வந்த போலீஸ் மசோதா தெரிவுக்குழுவுக்குப் போனது. குழு மக்களிடம் கருத்துக் கேட்டது. 2011-ல் அது சட்டமானபோது, மாநிலப் புகார் ஆணையத்தின் தலைமையில் ஓய்வுபெற்ற நீதிபதி இருந்தார். அதே கேரளம் 2020 நவம்பரில், குழு, சபை எல்லாவற்றையும் தாண்டி, இணையத்தில் எழுதுபவர்களைச் சிறைக்கு அனுப்பும் 118-ஏ என்ற பிரிவை அவசரச் சட்டமாகக் கொண்டுவந்தது. எதிர்ப்பு வெடித்து, சில நாட்களிலேயே வாபஸ். ஒரே மாநிலம், ஒரே சட்டம். குழு பார்த்த பகுதி நின்றது, பார்க்காத பகுதி ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. குழு இருந்தால் போலீஸ் அடிக்காது என்று நான் சொல்லவில்லை. கேரளத்திலும் காவல் மரணங்கள் உண்டு. ஆனால் 'இந்த ஆணையத்தில் எஸ்.பி. ஏன் உட்காருகிறார்?' என்ற எளிய கேள்வியைக் கேட்க அங்கே ஓர் இடம் இருந்தது.

*

சாத்தான்குளம் விசாரணைக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அனுப்பியது கோவில்பட்டி நீதித்துறை நடுவரை. அவர் ஸ்டேஷனுக்குப் போனார். அங்கிருந்தவர்கள் ஒத்துழைக்கவில்லை, மிரட்டும் தொனியில் பேசினார்கள் என்று அறிக்கை கொடுத்தார். அதில் ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. சிசிடிவி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு டெராபைட் இடம் இருந்தது. ஆனால் அன்றாடம் பதிவானது அன்றாடமே தானாக அழியும்படி செட்டிங் வைத்திருந்தார்கள்.

எங்கள் தொழிலில் கடைக்குட்டிக்கும் தெரிந்த விஷயம் இது. யாரைத் தணிக்கை செய்ய வேண்டுமோ, அவர் கையில் லாகை வைக்கக் கூடாது. 2013 சட்டத்தில் புகார் ஆணையம் பற்றிய பிரிவும் அந்த செட்டிங்கும் எனக்கு ஒன்றுபோலவே தெரிகின்றன. கேமரா இருக்கிறது, ஆணையமும் இருக்கிறது. இரண்டின் சாவியும் யாரைக் கண்காணிக்க வேண்டுமோ அவரிடமே இருக்கிறது.

அந்த வாரம் நீதிமன்றம் இன்னொன்றும் செய்தது. சாட்சியங்கள் அழியாமல் இருக்க, ஸ்டேஷனையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவரச் சொன்னது. 1859-ல் வருவாய்க்காரர்களிடமிருந்து மக்களைக் காப்பாற்றப் போலீஸைத் தனியாகப் பிரித்தார்கள். 2020-ல் போலீஸிடமிருந்து சாட்சியத்தைக் காப்பாற்றத் தாசில்தாரைக் கூப்பிட வேண்டியிருந்தது. ஆச்சி இருந்திருந்தால் அவருக்கு இதில் ஆச்சரியமே இருந்திருக்காது.

பிறகு சிபிஐ வந்தது, ஒன்பது போலீஸார் மேல் குற்றப்பத்திரிகை தாக்கலானது. அந்த டிசம்பரில் உச்ச நீதிமன்றம், வேறொரு வழக்கில், எல்லா ஸ்டேஷன் கேமராக்களும் பதிவை 18 மாதம், குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்றது. செட்டிங்கை மாற்றச் சொன்னதும் நீதிமன்றம்தான். சபை இல்லை.

ஒவ்வோர் ஆண்டும் காவல் துறை மானியக் கோரிக்கை சட்டசபைக்கு வருகிறது. பேசுகிறார்கள், பதிலுரை வருகிறது, நிறைவேறுகிறது. என் ஆசை பெரிதில்லை. அடுத்த முறை போலீஸ் சம்பந்தமாக ஒரு மசோதா வந்தால், அதைப் பத்துப் பேர் கொண்ட ஒரு குழுவுக்கு அனுப்ப வேண்டும். அந்தக் குழு கோவில்பட்டிக்கும் வந்து ஒரு நாள் உட்கார வேண்டும். தீப்பெட்டி ஆபீஸ் பெண், லாரி டிரைவர், கடை வைத்திருப்பவர், ஏட்டையா, எல்லாரையும் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். ஆணையத்துக்கு நியமிக்கப்போகும் ஆளையும் எதிரே உட்காரவைத்து, 'நீங்கள் யாருக்குக் கீழே வேலை பார்க்கிறீர்கள்?' என்று கேட்டு, பதிலை எழுதிவைக்க வேண்டும்.

1855-ல், நம்மவர் ஒருவர்கூட இல்லாத கமிஷன் முன்னால் போய் நிற்க 519 பேர் துணிந்தார்கள். அவர்களுக்காவது மூன்று மாதம் ஒரு கதவு திறந்திருந்தது.