முத்துலட்சுமி ரெட்டி

முத்துலட்சுமி ரெட்டி (30 ஜூலை 1886 – 22 ஜூலை 1968) மருத்துவர், பெண்ணுரிமைப் போராளி, பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டசபை உறுப்பினர். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணச் சட்டசபையில் நியமன உறுப்பினராக இருந்தார். அதன் துணைத் தலைவராகவும் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையையும் அவ்வை இல்லத்தையும் நிறுவியவர் என்ற அளவில் அவரை எல்லோரும் அறிவர். தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டசபையில் அவர் தொடங்கிய வேலை முடிய இருபது ஆண்டுகள் ஆயின. அவரது பொதுவாழ்வின் நடுநாயகமான பகுதி அதுதான்.

இளமையும் கல்வியும்

புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் மகாராஜா கல்லூரியின் முதல்வர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். பிற்காலத்தில் முத்துலட்சுமி சட்டசபையில் எழுந்து பேசியபோது, எந்தக் குலத்துப் பெண்களுக்காகப் பேசினாரோ அந்தக் குலத்து ரத்தம் அவர் உடம்பிலும் ஓடியது. அவருடைய பேச்சில் இருந்த சூட்டுக்குக் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் சேர அவர் விண்ணப்பித்தபோது ஊரில் எதிர்ப்புக் கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் அனுமதி கொடுத்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் பட்டம் பெற்றார். இந்தியாவின் முதல் பெண் மருத்துவர் என்று அவரைச் சிலர் எழுதுவது பிழை. கல்கத்தாவில் காதம்பினி கங்குலி அவருக்கு ஒரு தலைமுறை முந்தியவர். சென்னை மருத்துவக் கல்லூரியிலேயே 1878இல் மேரி ஷார்லிப் படித்துத் தேறியிருந்தார். முத்துலட்சுமியின் பெருமைக்கு இல்லாத பட்டம் தேவையில்லை.

1914இல் மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்ற உறுதிமொழியைப் பெற்ற பிறகே திருமணத்துக்கு இசைந்தார். 1925இல் மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்றார். அடுத்த ஆண்டு பாரிஸில் நடந்த அனைத்துலகப் பெண்கள் மாநாட்டில் கலந்துகொண்டார்.

சட்டசபையில்

சென்னை மாகாணத்துப் பெண்களுக்கு வாக்குரிமை 1921இலேயே கிடைத்தாலும், சட்டசபையில் உட்காரும் உரிமை 1926இல்தான் வந்தது. அந்த ஆண்டுத் தேர்தலில் கமலாதேவி சட்டோபாத்யாய போட்டியிட்டுச் சொற்ப வாக்குகளில் தோற்றார். ஒரு பெண்ணையாவது நியமிக்க வேண்டும் என்று இந்திய மாதர் சங்கம் அரசைக் கேட்டது. அப்படி வந்ததுதான் முத்துலட்சுமியின் பதவி. நல்ல வருமானம் தந்த மருத்துவத் தொழில் கெடுமே என்று முதலில் தயங்கிய பிறகே அதை ஏற்றார். சுதேச சமஸ்தானங்களைக் கணக்கில் சேர்த்தால், திருவிதாங்கூர் சட்டசபையில் மருத்துவர் மேரி புன்னன் லூக்கோஸ் அவருக்குச் சில ஆண்டுகள் முந்தியவர்.

நியமன உறுப்பினருக்குத் தொகுதி கிடையாது, பின்னால் நிற்கக் கட்சி கிடையாது. ஒவ்வொரு தீர்மானத்துக்கும் ஒவ்வொரு உறுப்பினராகப் பேசி ஆதரவு திரட்ட வேண்டும். இந்த நிலையிலிருந்தே குழந்தைகளுக்குத் தனி மருத்துவமனை வேண்டும், பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும், பெண்ணின் திருமண வயதை உயர்த்த வேண்டும் என்று அவர் வாதாடினார். பிள்ளைப்பேற்று அறையில் சிறுமிகள் தாயாவதைக் கண்ணால் கண்ட மருத்துவர் அவர். மத்திய சட்டசபையில் 1929இல் நிறைவேறிய சாரதா சட்டம், பெண்ணுக்குக் குறைந்தபட்ச வயதை 14 என்று வைத்தது. கல்வி நிலையை ஆராய்ந்த ஹார்டாக் குழுவிலும் அவர் உறுப்பினராக இருந்தார்.

பொட்டுக்கட்டும் நிலமும்

தேவதாசி முறையின் பிடி எங்கே இருந்தது என்பதை அவர் சரியாகக் கண்டுகொண்டார். கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட்ட பெண்ணுக்குப் பல ஊர்களில் மானிய நிலம் உண்டு. கோயிலில் அவள் செய்யும் ஊழியத்துக்கு ஈடாகவே அந்த நிலம் அவள் அனுபவத்தில் இருந்தது. ஊழியம் நின்றால் நிலமும் போய்விடும். வீட்டில் மூத்தவள் தளர்ந்ததும், நிலத்தைக் காப்பாற்ற ஒரு சிறுமியின் கழுத்தில் பொட்டுக் கட்டி அவளைக் கோயிலுக்கு நேர்ந்துவிட்டாக வேண்டும். பக்தி என்ற பெயரில் நடந்ததற்கு அடியில் குடும்பத்தின் சோற்றுக் கவலை இருந்தது.

ஆகவே, அவர் முதலில் நிலத்தைத் தொட்டார். 1927இல் தீர்மானம் கொண்டுவந்தார். அதைத் தொடர்ந்து வந்த இந்து அறநிலையத் திருத்தச் சட்டம் 1929இல் நிறைவேறியது. ஊழியம் செய்தாக வேண்டும் என்ற நிபந்தனை நீங்கி, அனுபவித்து வந்தவரிடமே நிலம் தங்க அது வழிசெய்தது. பொட்டுக்கட்டுவதையே தடைசெய்யும் மசோதாவை 1930இல் முன்வைத்தார்.

சபைக்கு உள்ளேயும் வெளியேயும் எதிர்ப்பு இருந்தது. சமயத்தில் அரசு கைவைக்கலாகாது என்றனர் சிலர். அந்தக் குலத்துப் பெண்களிலேயே ஒரு பகுதியினர் சங்கமாகத் திரண்டு எதிர்ப்பு மனு கொடுத்தனர். பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற பெருங்கலைஞர்கள் அந்தப் பக்கம் நின்றனர். தங்கள் கலையையும் சொத்துரிமையையும் ஒழுக்கக்கேடு என்ற ஒரே சொல்லில் அடைப்பது அநியாயம் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இருந்தது என்றே சொல்ல வேண்டும். பெண்வழியில் வந்த சொத்து அந்தக் குடும்பங்களில் பின்னர் ஆண்கள் கைக்குப் போனதை ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். தேவதாசியர் ஆடிவந்த சதிராட்டத்தை மேடையிலிருந்தே அகற்ற வேண்டும் என்று முத்துலட்சுமியும் காக்க வேண்டும் என்று வழக்கறிஞர் இ. கிருஷ்ண ஐயரும் 1932இல் பத்திரிகைகளில் மோதினர். ஆட்டத்தைப் பற்றிய அந்த வழக்கில் காலம் ஐயர் பக்கம் நின்றது. பொட்டைப் பற்றிய வழக்கில் நியாயம் முழுக்க முத்துலட்சுமி பக்கம்தான். ஏழெட்டு வயதுப் பிள்ளையின் சம்மதத்தைக் கேட்டு யாரும் பொட்டுக் கட்டவில்லை.

சுயமரியாதை இயக்கம் அவருக்குத் துணை நின்றது. தேவதாசி மரபிலிருந்தே வந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். ஆனால் 1930இல், உப்புச் சத்தியாகிரகத்தில் காந்தி கைதானதைக் கண்டித்து முத்துலட்சுமி பதவி விலகினார். மசோதா அப்படியே நின்றது. தேவதாசிகளாக நேர்ந்துவிடுவதைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல்தான், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில் நிறைவேறியது. இடைப்பட்ட பதினேழு ஆண்டுகளும் சபைக்கு வெளியே இருந்தபடியே முத்துலட்சுமி அதற்காக எழுதிக்கொண்டும் மனுப் போட்டுக்கொண்டும் இருந்தார். தம் சட்டசபை அனுபவங்களை ஆங்கிலத்தில் நூலாகவும் எழுதியுள்ளார்.

அவ்வை இல்லமும் புற்றுநோய் மருத்துவமனையும்

பொட்டுக்கட்டுக்குத் தப்பிவந்த சிறுமியர் சிலர் அவரது வீட்டுக் கதவைத் தட்டினர். அவர்களைச் சேர்த்துக்கொள்ள விடுதிகள் முன்வரவில்லை. சட்டம் வரும்வரை அந்தப் பிள்ளைகள் எங்கே போவார்கள்? தம் வீட்டிலேயே இடம் கொடுத்தார். 1930இல் தொடங்கிய அவ்வை இல்லம் அதுதான். பின்னர் அடையாற்றுக்கு இடம் மாறி, ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்கு இல்லமும் பள்ளியுமாக வளர்ந்தது.

தங்கை இளவயதில் புற்றுநோயால் இறந்தது அவரை விடாமல் அரித்த துக்கம். அந்த நோய்க்குத் தனி மருத்துவமனை வேண்டும் என்று பல ஆண்டுகள் கேட்டும் அரசு அசையவில்லை. 1949இல் மாதர் சங்கத்தின் வழியாக நிதி திரட்டத் தொடங்கினார். 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூனில் அடையாற்றில் 12 படுக்கைகளோடு மருத்துவமனை திறந்தது. மகன் மருத்துவர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்த மருத்துவர் வி. சாந்தாவும் அதைப் பெரிய நிறுவனமாக வளர்த்தனர்.

சிறப்புகள்

1956இல் பத்ம பூஷண் பெற்றார். அவர் பிறந்தநாளான ஜூலை 30ஐ மருத்துவமனை தினமாகக் கொண்டாடத் தமிழக அரசு 2019இல் அறிவித்தது. ஏழைக் கர்ப்பிணிகளுக்கு அரசு வழங்கும் மகப்பேறு உதவித் திட்டமும் அவர் பெயரில் இயங்குகிறது. கிராம சுகாதார செவிலியரிடம் கர்ப்பத்தைப் பதிவு செய்து, அதற்குரிய பிக்மி எண்ணை வாங்கிக்கொண்டு, ‘முத்துலட்சுமி ரெட்டி பணம் எப்பம்மா வரும்?’ என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கும் பெண்களின் வாயில் அந்தப் பெயர் நாள்தோறும் புழங்குகிறது.