நாற்பது மீட்டர் உயரத்தில் அணைந்த எஞ்சின்

இந்த எபிசோடில் கொஞ்சம் கணக்கு வரும். பயப்படாதீங்க, சமன்பாடு எதையும் சொல்லப்போறதில்லை.

1999 டிசம்பர் 3. நாசாவின் மார்ஸ் போலார் லேண்டர் செவ்வாயின் தென்துருவப் பக்கம் இறங்க வேண்டிய நாள். வளிமண்டலத்துக்குள் நுழையும் வரை எல்லாம் சரியாக இருந்தது. அதுக்கப்புறம் ஒரு சிக்னலும் வரல. இறங்கும்போது தகவல் அனுப்பும் வசதியே அதில் வைக்கப்படவில்லை என்பதால், என்ன நடந்தது என்பதற்கு நேரடிச் சாட்சி கிடையாது. 2000 மார்ச்சில் வந்த விசாரணை அறிக்கை, அதிக வாய்ப்புள்ள காரணம் என்று ஒன்றைச் சொன்னது.

லேண்டருக்கு மூணு கால்கள். மடக்கி வைத்திருப்பார்கள். தரைக்கு மேலே சுமார் 1,500 மீட்டரில் அவை விரியும். ஒவ்வொரு காலிலும் ஒரு சென்சார், தரையைத் தொட்டதும் சொல்வதற்காக. கால் வெடுக்கென்று விரியும்போது ஏற்படும் அதிர்வில், தரையைத் தொட்டுட்டோம் என்று சென்சார் ஒரு கணம் பொய்யாகச் சொல்லிவிடும். மென்பொருள் அதை நினைவில் போட்டு வைத்துக்கொண்டது. 40 மீட்டருக்கு வந்ததும், இனி சென்சார் சொல்வதைக் கேட்கலாம் என்பது விதி. மென்பொருள் நினைவைத் திறந்து பார்த்தது. 'தொட்டாச்சு' என்று இருந்தது. எஞ்சினை அணைத்துவிட்டது. அங்கிருந்து விழுந்தால் தரையில் மோதும் வேகம் விநாடிக்கு 22 மீட்டர், அதாவது மணிக்கு 80 கிலோமீட்டர்.

இதில் எனக்கு ரொம்ப உறுத்துவது, தப்பு செய்த பாகம் என்று தனியாக எதையும் காட்ட முடியாது என்பதுதான். கால் விரியும்போது இந்தப் பொய்த் துடிப்பு வரும் என்பது சோதனைகளிலேயே தெரிந்திருந்தது. 40 மீட்டருக்கு முன்னால் வரும் தகவலைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதியும் இருந்தது. ஏன் கூடாது என்கிற விவரம் மட்டும் மென்பொருள் எழுதியவர்கள் கைக்குப் போன ஆவணத்தில் இல்லை. அவர்கள் பயன்படுத்தவில்லை, சேமித்து மட்டும் வைத்தார்கள்.

இந்த மாதிரி இயந்திரங்களுக்குக் கணிதத்தில் ஹைப்ரிட் சிஸ்டம் என்று பெயர். ஹைப்ரிட் கார் இல்ல, அது வேற கதை. உங்க வீட்டு ஏசியை எடுத்துக்கோங்க. அறையின் வெப்பம் கொஞ்சம் கொஞ்சமாக, வழுக்கிக்கொண்டு மாறும். கம்ப்ரசர் அப்படி இல்லை. ஓடும், அல்லது நிற்கும். வழுக்கிப் போகும் ஒன்றும், தாவிப் போகும் ஒன்றும் ஒரே பொருளில் சேர்ந்து இருக்கின்றன. ஒன்று மாறினால் மற்றது மாறும். லேண்டரும் அதேதான்: உயரமும் வேகமும் வழுக்கும், மென்பொருளின் நிலை தாவும்.

பிரச்சினை என்னன்னா, இந்த ரெண்டு பாதியும் ரெண்டு துறைகளின் சொத்து. வழுக்குவதைக் கட்டுப்பாட்டுப் பொறியியல்காரர்கள் வகைக்கெழுச் சமன்பாடு வைத்து பார்ப்பார்கள். தாவுவதைக் கணினி அறிவியல்காரர்கள் நிலைகள், அம்புக்குறிகள் வைத்து வரைவார்கள். ரெண்டையும் சேர்த்து எழுதும் முயற்சி 1966லேயே இருந்தது, ஹான்ஸ் விட்சன்ஹௌசன் என்பவர் அப்படி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். ஆனால் அது ஒரு துறையாக மாற இன்னும் கால் நூற்றாண்டு ஆனது.

சரி, சிமுலேஷன் ஓட்டிப் பார்த்தால் போதாதா? ஒரு பந்தைத் தரையில் போடுங்க. ஒவ்வொரு குதியும் முந்தையதைவிடச் சின்னது. காகிதத்தில் கணக்குப் போட்டால், பந்து ஒரு குறிப்பிட்ட நேரத்துக்குள் எண்ணற்ற தடவை குதித்து முடித்திருக்கும். கணினி சின்னச் சின்ன நேரத்துண்டுகளாகத்தான் நகரும். ஒரு கட்டத்தில் ரெண்டு குதிகள் ஒரே துண்டுக்குள் வந்துவிடும், சாதாரண நிரலில் பந்து தரைக்குள்ளேயே இறங்கிப் போய்விடும். கல்லூரியில் கேம் எழுதிப் பார்த்தவர்களுக்கு இந்தப் பந்தைத் தெரியும். இதைவிட முக்கியமான விஷயம்: சிமுலேஷன் ஓட்டுவது ஒரு பாதை. உலகத்தில் சாத்தியமான பாதைகள் முடிவில்லாதவை.

எல்லாப் பாதைகளையும் ஒரே நேரத்தில் பார்க்க வழி உண்டா என்பதுதான் கேள்வி. 1990ல் ஸ்டான்ஃபோர்டில் ராஜீவ் அலூர், டேவிட் டில் என்ற ரெண்டு பேர் இதன் ஒரு எளிய வடிவத்துக்கு அழகான பதில் சொன்னார்கள். அலூர் ஐஐடி கான்பூரில் படித்தவர். அவர்கள் எடுத்துக்கொண்ட இயந்திரத்தில் வழுக்கும் பொருள் கடிகாரம் மட்டும்தான். எல்லாக் கடிகாரமும் ஒரே வேகத்தில் ஓடும். நேரம் எண்ணற்ற மதிப்புகள் எடுக்கலாம், ஆனால் விதிகள் '3 விநாடிக்கு மேல்', '5 விநாடிக்குள்' என்று முழு எண்களில்தான் பேசுகின்றன. அப்படின்னா 3.2 விநாடிக்கும் 3.7 விநாடிக்கும் விதிகளின் கண்ணில் பெரிய வித்தியாசம் கிடையாது. எந்தக் கடிகாரம் அடுத்த முழு எண்ணை முதலில் தொடும் என்பது தெரிந்தால் போதும். முடிவில்லாத நேரம் எண்ணக்கூடிய சில கட்டங்களாகச் சுருங்கிவிட்டது. எண்ண முடிந்தால் கணினியால் முழுக்கத் தேட முடியும்.

அடுத்து எல்லோருக்கும் ஆசை வந்தது. கடிகாரத்துக்குப் பதில் வெப்பம், உயரம், வேகம் எல்லாம் வைக்கலாமே? 1993ல் அலூரும் தாமஸ் ஹென்சிங்கரும் இன்னும் சிலரும் ஹைப்ரிட் ஆட்டோமேட்டா என்ற பொது வடிவத்தை வெளியிட்டார்கள். கொஞ்ச நாளில் ஹைடெக் என்ற மென்பொருளும் வந்தது.

1995ல் கதவு பாதி சாத்தப்பட்டது. ஹென்சிங்கர், பீட்டர் காப்கி, அனுஜ் பூரி, பிரவீண் வரையா நாலு பேரும் சேர்ந்து, இதில் எதைக் கணினியால் தீர்மானிக்க முடியும், எதை முடியாது என்று கோடு போட்டார்கள். கோடு நாம் நினைப்பதைவிட ரொம்ப பக்கத்தில் இருந்தது. எல்லாக் கடிகாரமும் ஒரே வேகத்தில் ஓடினால் முடியும். அதோடு நடுவில் நிறுத்தி மறுபடி ஓடவிடக்கூடிய ஒரே ஒரு ஸ்டாப்வாட்ச் சேர்த்தால் போச்சு, பொதுவான வழிமுறை கிடையாது. 'இன்னும் கண்டுபிடிக்கல' என்ற அர்த்தத்தில் இல்லை, இருக்கவே முடியாது. காரணம், அந்த ஸ்டாப்வாட்ச்சின் நிலையில் எண்களை ஒளித்து வைக்கலாம். எண்ணை வைக்கவும் கூட்டவும் குறைக்கவும் முடிந்தால் அந்த அமைப்புக்குள்ளேயே ஒரு முழுக் கணினியைக் கட்டிவிடலாம். ஒரு கணினி நிரல் எப்போதாவது நிற்குமா என்பதை எல்லா நிரலுக்கும் சொல்லும் வழி இல்லை என்று 1936லேயே ஆலன் டூரிங் காட்டிவிட்டார்.

என் பார்வையில் இந்தத் துறைக்கு நடந்த நல்ல விஷயமே இந்த 'முடியாது'தான். சரியான பதிலைத் துரத்துவதை விட்டுவிட்டு, பாதுகாப்பான பதிலைத் தேட ஆரம்பித்தார்கள்.

புயல் வரும்போது வானிலை வரைபடத்தில் ஒரு கூம்பு காட்டுவாங்க இல்லையா? புயல் அதற்குள் எங்கேயாவது போகும் என்று. அது வாய்ப்புக் கணக்கு, வெளியேயும் போகலாம். இங்கே வரைவது கறாரான கூம்பு. இயந்திரம் போகக்கூடிய எல்லா இடமும் இதற்குள் கட்டாயம் அடங்கும் என்று நிரூபித்துவிட்டுத்தான் வரைவார்கள். போகாத சில இடங்களும் உள்ளே வந்துவிடலாம், பரவாயில்லை. ஆபத்தான இடத்தைக் கூம்பு தொடவே இல்லை என்றால் வேலை முடிந்தது. தொட்டால்? நிஜமாகவே ஆபத்தா, நம் கூம்பு ரொம்ப பெருத்துவிட்டதா என்று தெரியாது. இன்னும் இறுக்கி வரைய வேண்டும். 2005ல் ஆந்துவான் ஜிரார் சோனோடோப் என்ற சமச்சீர் வடிவங்களை இதற்குப் பயன்படுத்தினார். 2011ல் பிரான்சின் கிரெனோபிளில் இருந்து வந்த ஸ்பேஸ்எக்ஸ் என்ற மென்பொருள் நூற்றுக்கும் மேற்பட்ட மாறிகள் உள்ள அமைப்புகளைச் சமாளித்தது. ராக்கெட் கம்பெனி இல்ல, பெயர்தான் அப்படி.

இன்னொரு வழி, பாதையைக் கணக்கிடாமலே நடுவில் ஒரு சுவர் கட்டுவது. சுவரின் எந்த இடத்தில் நின்றாலும் இயந்திரம் உள்பக்கம்தான் தள்ளப்படும் என்று காட்டிவிட்டால், அது எத்தனை மணி நேரம் ஓடினாலும் வெளியே போகாது. 2004ல் ஸ்டீபன் பிரஜ்னாவும் அலி ஜத்பாபாயும் இதற்குத் தடைச் சான்றிதழ் என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள். கார்னகி மெலனில் ஆந்த்ரே பிளாட்சர் இந்த மாதிரி நிரூபணங்களைக் கணினியே வரிக்கு வரி சரிபார்க்கும் தர்க்கமுறையை உருவாக்கினார்.

அது எங்கே போய்ச் சேர்ந்தது தெரியுமா? விமானங்கள் மோதாமல் காக்கும் கருவியில். இப்போது இருக்கும் டிகாஸ், ரெண்டு விமானம் நெருங்கினால் ஒன்றை ஏறச் சொல்லும், ஒன்றை இறங்கச் சொல்லும். 2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் யூபர்லிங்கன் ஊருக்கு மேலே, ஒரு ரஷ்யப் பயணி விமானத்தைத் தரைக் கட்டுப்பாட்டாளர் இறங்கச் சொன்னார். சில விநாடிகளில் டிகாஸ் அதையே ஏறச் சொன்னது. விமானிகள் கட்டுப்பாட்டாளர் சொன்னதைக் கேட்டார்கள். எதிரே வந்த சரக்கு விமானம் டிகாஸ் சொன்னபடி இறங்கியது. 71 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் பிள்ளைகள். ஒரு விமானம் சொன்னபடி நடக்கவில்லை என்றால் கட்டளையைத் திருப்பிப் போடும் வசதி டிகாஸில் இருந்தும், அன்று அது வேலை செய்யவில்லை. பின்னர் வந்த 7.1 பதிப்பில் அந்தத் தர்க்கத்தைத் திருத்தினார்கள்.

டிகாஸுக்கு அடுத்த தலைமுறையாக அமெரிக்க விமானத் துறை உருவாக்கிய ஏகாஸ் எக்ஸ், கணினி முன்கூட்டியே கணக்கிட்ட ஒரு பெரிய அட்டவணையைப் பார்த்துக் கட்டளை சொல்லும். 2015ல் பிளாட்சர் உள்ளிட்ட குழு ஒன்று, எந்தச் சூழலில் எந்தக் கட்டளை பாதுகாப்பானது என்பதை முதலில் நிரூபித்துக்கொண்டு, பிறகு அட்டவணையோடு ஒப்பிட்டது. சில சூழல்களில் அட்டவணை சொன்ன கட்டளை மோதலைத் தடுக்காது என்று தெரிந்தது.

அந்த நிரூபணத்தின் அனுமானங்களில் ஒன்று, கட்டளை வந்ததும் குறிப்பிட்ட தாமதத்துக்குள் விமானி அதன்படி நடப்பார் என்பது. யூபர்லிங்கனில் நடந்தது அந்த அனுமானத்துக்கு வெளியே.