பேயின் தர்க்கம்

தமிழில் தத்துவம் உண்டா என்ற கேள்வி நம்மிடையே அவ்வப்போது எழுப்பப்படுகிறது. எழுப்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட உருவத்தைத் தேடுகிறார்கள்: உரைநடையில், அத்தியாயம் பிரித்து, ஒரு தனி மனிதன் தன் பெயரில் நின்று வாதிக்கும் நூல். அது கிடைக்காதபோது தத்துவமே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மறுதரப்பினர் திருக்குறளையும் சிவஞானபோதத்தையும் எடுத்து நீட்டி, உள்ளே இருக்கும் கருத்துக்களைப் பட்டியல் போட்டு, பார்த்தீர்களா, இருக்கிறது என்கிறார்கள். இரு தரப்பும் ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகின்றன. உருவம் பாத்திரம், தத்துவம் அதில் ஊற்றிய நீர். எதில் ஊற்றினாலும் நீர் நீர்தான்.

இதை நான் ஏற்கவில்லை. பிளேட்டோ உரையாடலாக எழுதியதும், நாகார்ஜுனர் காரிகையாக எழுதியதும், நீட்ஷே துணுக்குகளாக எழுதியதும் தற்செயல் என்று யாரும் சொல்வதில்லை. தமிழ் நூல்கள் என்று வந்தால் மட்டும் கருத்தைப் பிழிந்தெடுத்துக்கொண்டு சக்கையை யாப்பிலக்கணக்காரரிடம் கொடுத்துவிடுகிறோம்.

சைவ சித்தாந்தத்தையே எடுத்துக்கொள்வோம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் 12 சூத்திரங்களில், நாற்பதே அடிகளில், அதைச் சொல்லி முடித்தார். அவர் மாணவர் அருணந்தி சிவாச்சாரியாருக்கு அது போதவில்லை. சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என்று பிரித்து, பிறர் கொள்கைகளை முதலில் பேசவிட்டு மறுத்தார். அடுத்த நூற்றாண்டில் உமாபதி சிவம் அதே கொள்கையை நெஞ்சுவிடு தூதாக, காதலுக்கு உரிய ஓர் உருவத்தில் எழுதினார். கொள்கை ஒன்றுதானே என்று கேட்கலாம். ஒன்றல்ல. சூத்திரத்தில் அது நியதி. பரபக்கத்தில் அது போரிட்டுப் பெற்ற நிலம். தூதில் அது தவிப்பு. சூத்திரத்தை ஒப்புக்கொள்ளலாம், மனப்பாடம் செய்யலாம், உரை எழுதலாம். அதனோடு சண்டை போட அதற்குள் இடம் கிடையாது.

2

சண்டைக்கு இடம் தரும் உருவம் தமிழில் வேறொன்று இருந்தது. அதன் முழுமையான சாட்சியம் நீலகேசி. பத்தாம் நூற்றாண்டை ஒட்டியது என்று பொதுவாகக் கருதப்படும் இந்த ஜைன நூலின் ஆசிரியர் பெயர் தெரியாது. பத்துச் சருக்கம், 894 பாடல்கள். 1936இல் அ. சக்கரவர்த்தி நயினார் இதைச் சமய திவாகர வாமன முனிவரின் உரையோடு பதிப்பித்தார்.

கதையின் தொடக்கம் கவனிக்கத்தக்கது. பாஞ்சால நாட்டில் பலாலயம் என்னும் சுடுகாட்டில் ஒரு காளி கோயில். அரசிக்குக் குழந்தை பிறந்ததற்காக நேர்ந்துகொண்ட உயிர்ப்பலியைக் கொண்டுவருகிறார்கள். அங்கே தவம் செய்யும் முனிச்சந்திரர் என்ற ஜைன முனிவர், உயிருள்ளவற்றுக்குப் பதில் மண்ணில் செய்த உருவங்களை வைத்தால் போதும் என்று அவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறார். பலி கெட்ட காளி கோபம் கொண்டு பழையனூர் நீலியை வரவழைத்து முனிவரை விரட்டச் சொல்கிறாள். நீலி பேயுருவில் பயமுறுத்துகிறாள். பிறகு அரசகுமாரி வேடத்தில் வந்து மயக்கப் பார்க்கிறாள். இரண்டும் பலிக்கவில்லை. தோற்றவள் முனிவரிடம் தருமம் கேட்கிறாள், மனம் மாறுகிறாள். அதன் பிறகு ஊர் ஊராகப் போய்க் குண்டலகேசி, மொக்கலர், புத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதி, பூதவாதி என்று ஒவ்வொருவரையும் வாதில் வெல்கிறாள்.

பழையனூர் திருவாலங்காட்டை ஒட்டிய ஊர். வணிகனை ஏமாற்றி உயிர் வாங்கி, அவனுக்குப் பிணை நின்ற எழுபது வேளாளரைத் தீக்குளிக்க வைத்த நீலியின் கதை வட தமிழ்நாட்டில் கிழவிகள் சொல்லிவந்த கதை. அந்தப் பேயைத்தான் ஆசிரியர் தர்க்கவாதியாக்குகிறார். இது வெறும் சுவாரஸ்யத்துக்காகச் செய்த வேலை என்று எனக்குத் தோன்றவில்லை. கொல்லாமையைப் பற்றிக் கொல்லாத முனிவர் பேசினால் அது உபதேசம். இரத்தம் குடித்தவளே பேசினால் அது வாதம். பலியின் சுவை அறிந்தவள் பலிக்கு எதிராகச் சொல்லும் ஒவ்வொரு நியாயத்துக்கும் பின்னால் ஒரு வாழ்க்கை நிற்கிறது. பேய்க்கதை என்ற உருவம் இந்தத் தத்துவத்துக்கு ஒரு கனத்தைக் கொடுத்துவிட்டது.

3

இன்னும் குறிப்பாகச் சொல்கிறேன். புலால் மறுத்தல் அதிகாரத்தில் வள்ளுவர், தின்பவர் இல்லாவிட்டால் விற்பவரும் இருக்கமாட்டார் என்ற பொருளாதார நியாயத்தை ஒரே குறளில் சொல்லிவிடுகிறார். நீலகேசியின் உரையாசிரியர் குறளைத் தங்கள் சமயத்து நூல் என்றே உரிமை கொண்டாடுகிறவர். நீலி பௌத்தர்களோடு வாதிடும்போது எடுப்பதும் இதே நியாயம்தான். ஆனால் அங்கே பௌத்தனுக்கும் வாய் இருக்கிறது. நான் கொல்லவில்லை, கொல்லச் சொல்லவில்லை, செத்த இறைச்சி வெறும் பொருள், பாவம் கொன்றவனுடையது என்கிறான். இது முட்டாள்தனமான பதில் அல்ல. செயலுக்கு எண்ணமே மூலம் என்று கொள்ளும் ஒரு தத்துவத்தின் நேர்மையான பதில். குறளில் இதற்கு இடமில்லை. இரண்டடியில் தீர்ப்பு மட்டுமே நிற்க முடியும். நீலகேசியில் பதிலுக்குப் பதில் வளர்ந்து, பொறுப்பு எங்கே தொடங்குகிறது, கத்தியிலா, காசிலா என்ற கேள்வியாக அது விரிகிறது.

வாதம் என்ற உருவம் செய்த இன்னொரு காரியம் உண்டு. நாதகுத்தனாரின் குண்டலகேசி நமக்குக் கிடைக்கவில்லை. மிஞ்சியவை 19 பாடல்கள். அவள் கதையையும் கொள்கையையும் நாம் பெருமளவு அறிவது அவளைத் தோற்கடிக்க எழுதிய இந்த நூலின் வழியாக. ஆசீவகர்களின் சொந்த நூல்கள் ஒன்றும் மிஞ்சவில்லை. 1951இல் அவர்களுடைய வரலாற்றை எழுதிய ஏ. எல். பாஷம், மணிமேகலையையும் நீலகேசியையும் சிவஞான சித்தியாரையும் நாட வேண்டியிருந்தது. எதிரியை மறுக்க முதலில் அவனைப் பேசவிட வேண்டும் என்ற உருவத்தின் விதி, எதிரிக்குச் சமாதியும் கட்டியது, கல்வெட்டும் வெட்டியது.

ஆனால் நூலில் ஒரு விரிசலும் இருக்கிறது. அநேகாந்தவாதம் ஜைனத்தின் உயிர். எந்தப் பொருளும் பல தன்மைகள் உடையது, எந்தக் கூற்றும் ஒரு பக்கத்து உண்மை என்பது அது. வாதச் சருக்கமோ ஒவ்வொரு முறையும் ஒருவர் வென்று மற்றவர் சரணடைவதில் முடிகிறது. எல்லாருக்கும் கொஞ்சம் உண்மை உண்டு என்று சொல்லும் தத்துவம், ஒருவருக்கே வெற்றி தரும் உருவத்தில் எழுதப்பட்டிருக்கிறது. உருவம் தத்துவத்தை எதிர்த்து வேலை செய்கிறது. பட்டியல் போடும் ஆய்வாளர் கண்ணுக்கு இது படாது.

4

இதையெல்லாம் ஒடுகத்தூரில் உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. ஜவ்வாது மலை அடிவாரத்து இந்த ஊரில் வெள்ளிக்கிழமைதோறும் ஆட்டுச்சந்தை கூடுகிறது. ஆடு கறியாகிறது. தோல் உப்பு தடவப்பட்டு ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று போய், ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையிலும் இப்போது பெரும்பாலும் குரோமியத்திலும் பதப்பட்டு, செருப்பாகிக் கப்பலேறுகிறது. நீலியின் கேள்வி இந்தச் சங்கிலியின் எந்தக் கண்ணியில் நிற்கும்? காசு கொடுப்பவனிடம் என்பதுதான் அவள் நியாயம், வள்ளுவர் நியாயமும் அதுவே. நம் சமூகம் அதைத் தலைகீழாக்கியது. கறியைத் தின்றவனும் செருப்பைப் போட்டவனும் சுத்தமாக இருந்துகொண்டு, தோலைத் தொட்டவனைத் தீண்டத்தகாதவன் என்று ஊருக்கு வெளியே நிறுத்தினார்கள். குறள் இதற்குத் துணைபோனது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வாதம் நின்றுபோய் நீதிவாக்கியம் மட்டும் மிஞ்சிய இடத்தில், எதிர்க்கேள்வி கேட்க யாருக்கும் வாய் இருக்கவில்லை.

தோல் தொழிலைப் பற்றி நம் காலத்தில் நடந்த பெரிய வாதம் செய்யுளில் நடக்கவில்லை. பாலாற்றின் மாசு குறித்து வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும், தீங்கு முழுதாக நிரூபணமாகும்வரை காத்திருக்கக் கூடாது என்ற கோட்பாடுகள் இந்திய சட்டத்துக்குள் ஊன்றியது அந்தத் தீர்ப்பில். தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம். தீர்ப்பும் ஓர் இலக்கிய உருவம்தான்: மனுதாரர் கட்சி, எதிர்க்கட்சி, முடிபு. பரபக்கம், சுபக்கம் என்றே பெயர் வைக்கலாம். பொறுப்பு எங்கே என்ற நீலியின் கேள்விக்கு அது சொன்ன பதில், லாபம் பெற்றவனிடம் என்பது. வாங்கியவன் வரை அந்த உருவம் எட்டவில்லை. தொட்டிக்குள் இறங்கி நிற்கிறவனுக்கும் அதில் தனியாக ஓர் இடம் கிடையாது.

நீலகேசியிலும் கசாப்புக்காரன் பேசுவதில்லை. கத்தியா, காசா என்று எல்லாரும் அவன் தலைக்கு மேல் வாதிடுகிறார்கள். இந்தப் பிரதேசத்தின் குரலை உள்ளிருந்து கேட்க நாவல் வரவேண்டியிருந்தது. பேரணாம்பட்டைச் சேர்ந்த அழகிய பெரியவனின் 'தகப்பன் கொடி' (2001) அப்படி ஒன்று. ஆனால் நாவல் வாழ்ந்து காட்டும். எதிராளியை எதிரே உட்காரவைத்துப் பதில் கேட்காது. அவன் வாழ்க்கையின் கனமும் நீலியின் நாக்கும் சேர்ந்த உருவம் ஒன்று இன்னும் எழுதப்படவில்லை. அது எழுதப்படும்வரை தமிழில் தத்துவம் உண்டா என்று கேட்பவருக்கு என் பதில் இதுதான்: வாதிக்கத் தெரிந்த ஒரு பேய் நம்மிடம் இருந்தது. அவளை நாம் பாடத்திட்டத்தில் ஐஞ்சிறுங்காப்பியங்களில் ஒன்று என்று இரண்டு மதிப்பெண் கேள்வியாக்கி அடைத்து வைத்திருக்கிறோம்.