அக்கரைச் சீமையும் வாக்குச்சீட்டும்: தென்னார்க்காட்டிலிருந்து கடல் கடந்தோரும் மண்ணின் மைந்தர் எதிர்ப்பும்

சிதம்பரம் ரயில் நிலையத்துக்குக் கிழக்கே, திருவேட்களத்தை ஒட்டி இருக்கிறது அண்ணாமலைப் பல்கலைக்கழகம். 1920இல் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கிய அண்ணாமலைச் செட்டியார் இருபது லட்சம் ரூபாய் கொடுக்க, 1929இல் அது பல்கலைக்கழகமாக உயர்ந்தது. அவர் குடும்பத்தின் செல்வம் பர்மா, இலங்கை, மலாயா என்று கடல் கடந்து நடந்த வட்டித் தொழிலில் வளர்ந்தது. அதே காலத்தில் அதே நாடுகளுக்குத் தென்னார்க்காட்டுக் கூலி மக்களும் கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள். பேரேடும் பெட்டகமுமாகப் போனவர் சிலர்; கடன் சீட்டோடு போனவர் பலர். அங்கே எதிர்ப்பு கிளம்பியபோது அது இருவரையும் பிரித்துப் பார்க்கவில்லை.

வந்தேறிகளுக்கு எதிரான கோபம் ஏன் கிளம்புகிறது என்பதைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அந்தக் கோபம் எங்கே சட்டமாக இறுகியது, எங்கே தேய்ந்து போனது என்பதையே இக்கட்டுரை பார்க்கிறது. வந்தவர் கையில் வாக்குரிமை இருந்ததா என்பதுதான் முடிவைத் தீர்மானித்தது என்பது என் வாதம்.

தென்னார்க்காடு மாவட்டம் 1993இல் கடலூர், விழுப்புரம் என இரண்டாகப் பிரிந்தது. அன்றைய மாவட்டத்துக்குள்ளேயே இரு வேறு நிலங்கள் இருந்தன. கொள்ளிடத்துக் கீழணையும் வீராணம் ஏரியும் நீர் தரும் சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் நஞ்சை ஒரு பக்கம். விருத்தாசலம், திட்டக்குடிப் பக்கத்து மானாவாரி மறு பக்கம். நஞ்சையில் படியாள் முறை. புஞ்சையில் மழை பொய்த்தால் பட்டினி. 1876–78 தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தின் ஊர்களைக் காலி செய்தது. சேரியில் பிறந்தவருக்குக் கடல் தாண்டுவது பஞ்சத்திலிருந்து மட்டுமல்ல, பண்ணையிலிருந்தும் தப்பும் வழி. சிதம்பரத்தில் 1916இல் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பள்ளியைத் தொடங்கும்வரை அம்மக்களின் பிள்ளைகளுக்கு எழுத்து எவ்வளவு எட்டாத் தொலைவில் இருந்தது என்பதை நினைத்தால், அக்கரையைப் பற்றிக் கங்காணி சொன்னதை அவர்கள் நம்பியதில் வியப்பில்லை.

கங்காணி ஊர்க்காரன், பெரும்பாலும் உறவுக்காரன். முன்பணம் கொடுத்து, வழிச்செலவைக் கணக்கில் ஏற்றி ஆள் சேர்ப்பான். தன் ஆள் ஒவ்வொருவரும் வேலைக்கு இறங்கும் நாளுக்கெல்லாம் தோட்டம் அவனுக்குத் தலைக்காசு தரும். இலங்கையில் தோட்டம் மாற விரும்பும் கூலிக்குத் துரை ஒரு ‘துண்டு’ எழுதிக் கொடுப்பார். இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆளை எடுத்துக்கொள்ளலாம் என்பதே அதன் பொருள். புதிய தோட்டம் பழைய கடனைத் தீர்த்து, அதைக் கூலியின் பெயரில் மறுபடி பற்று எழுதும். ஆளைவிடக் கடன்தான் தோட்டம் மாறியது என்று சொல்லலாம். 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது, கடன் ஒழியவில்லை. திருப்பாதிரிப்புலியூரில் 1906இல் பிறந்த புதுமைப்பித்தன், இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன பெண்ணின் கதையைத் ‘துன்பக்கேணி’யில் எழுதினார். அரசு அறிக்கைகளில் எண்ணிக்கையாக மட்டுமே இருந்த மக்கள் அங்கே மனிதர்களாக வருகிறார்கள்.

பர்மாவின் கதை வேறு. 1852இல் கீழ்பர்மா ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதிப் படுகையின் காடு திருத்தி நெல் விளைவிக்கப் பணமும் ஆளும் வேண்டியிருந்தன. பணத்தைச் செட்டியார் பெட்டிகள் தந்தன. மூன்றாண்டுக் கணக்குக்குச் செட்டிநாட்டிலிருந்து மேலாள் போவார். கீழே அடுத்தாள், பெட்டியடிப் பையன். இரங்கூன் மொகல் தெருவில் கூடித் தவணை வட்டி நிர்ணயிப்பார்கள். 1930 வாக்கில் பர்மாவில் அவர்கள் முதலீடு 75 கோடி ரூபாய் என்று வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. ஆலையிலும் வயலிலும் துறைமுகத்திலும் வேலை செய்யத் தமிழரும் தெலுங்கரும் ஒரியரும் போனார்கள். 1931 கணக்கெடுப்பில் இரங்கூனின் நான்கு லட்சம் பேரில் 2,12,000க்கும் மேற்பட்டோர் இந்தியர். ஒரு நாட்டின் தலைநகரில் அந்நாட்டார் சிறுபான்மையானார்கள் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். பர்மியரின் ஆத்திரத்துக்கு வெறும் துவேஷம் என்று பெயர் சூட்டிவிட்டு நகர்வது வரலாற்றுக்கு நேர்மையாகாது.

1930 மே மாதம் தெலுங்குத் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கம்பெனிகள் பர்மியரை வேலைக்கு எடுத்தன. பிணக்கு தீர்ந்து பழைய ஆட்கள் திரும்பியதும் பர்மியர் வெளியேற்றப்பட்டார்கள். அன்று மூண்ட கலவரத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மடிந்தார்கள். கூலியைக் குறைக்க இரு ஏழைகளை மோதவிட்ட கம்பெனிகளுக்கு ஒரு கீறலும் இல்லை. அவ்வாண்டே நெல் விலை சரிந்தது. கடனைக் கட்ட முடியாத குடியானவர் நிலம் ஈடாகக் கைமாறியது. கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு ஆறு பங்காக இருந்த செட்டியார் நிலவுடைமை 1937இல் இருபத்தைந்து பங்கானது. அவர்கள் நிலத்தை விரும்பி வாங்கவில்லை. முதல் திரும்பவில்லையே என்றுதான் தவித்தார்கள். ஆனால் பாட்டன் திருத்திய வயலை இழந்தவனுக்கு அந்த விளக்கம் எதற்கு?

டிசம்பர் 1930இல் குடியானவர் எழுச்சியாகத் தொடங்கிய சயா சான் கிளர்ச்சியின்போதும் கிராமங்களில் இந்தியர் தாக்கப்பட்டார்கள். 1938 ஜூலையில் ஒரு நூலைக் காரணமாக்கி மூண்ட கலவரத்தில் இந்திய முஸ்லிம்களே முதல் இலக்கு. இத்தனைக்கும் பர்மா இந்தியருக்குச் சட்டசபையில் இடம் இருந்தது. ஆனால் அவை தனித்தொகுதிகள்: இந்தியர் வாக்கு இந்தியருக்கே. எந்தப் பர்மிய வேட்பாளரும் தமிழ்க் கூலியின் வாசலில் வந்து நின்று வாக்குக் கேட்க வேண்டிய தேவையே எழவில்லை. 1937இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது. 1941இல் குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் வந்தது. அடுத்த ஆண்டு ஜப்பான் படையெடுப்பு. தாங்குப் கணவாய் வழியாகவும் தாமு, மணிப்பூர் மலைகள் வழியாகவும் லட்சக்கணக்கானோர் நடந்தே வந்தார்கள். வழியில் விழுந்தவர் பல்லாயிரம். போருக்குப் பின் திரும்பிப் போனவர்களையும் 1962க்குப் பிறகு நே வின் ராணுவ ஆட்சியின் நாட்டுடைமையாக்கம் வெளியேற்றியது. 1964 மே மாதம் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்றானதும் கைச்சேமிப்பும் போயிற்று.

அமெரிக்காவோடு ஒப்பிட்டால் என் வாதம் தெளியும். அங்கே எதிர்ப்பைச் சந்தித்தவர்கள் அயர்லாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் போனவர்கள்; அந்நாடுகள் கடலூருக்குப் புதியவை அல்ல. 1758இல் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்து இடித்த பிரெஞ்சுத் தளபதி லாலி, பிரான்சுக்கு ஓடிய அயர்லாந்துக்காரரின் மகன். 1783 கடலூர் முற்றுகையில் ஆங்கிலேயர் பக்கம் ஹனோவர் ஜெர்மானியப் படை நின்றது. நம் மக்களைத் தாது வருஷம் துரத்துவதற்கு முன்பே, 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சம் ஐரிஷ் மக்களை அமெரிக்காவுக்குத் துரத்தியிருந்தது. ஜெர்மானியரும் பெருவாரியாக வந்தார்கள். கத்தோலிக்கர், குடிகாரர், கூலியைக் கெடுப்பவர் என்று அங்கேயும் அதே பேச்சு. 1844இல் பிலடெல்பியாவில் தேவாலயங்கள் எரிந்தன. 1855 ஆகஸ்டில் லூயிவில் நகரில் தேர்தல் நாளன்று இருபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். ‘ஒன்றும் தெரியாதார்’ என்று பெயர் பெற்ற கட்சி, குடியுரிமைக்கு ஐந்தாண்டு போதாது, இருபத்தோராண்டு வேண்டும் என்றது.

அது நடக்கவில்லை. சிகாகோவில் 1855இல் மேயரான லெவி பூன், மதுக்கடை உரிமக் கட்டணத்தை 50 டாலரிலிருந்து 300 ஆக்கி ஞாயிறன்று கடைகளை மூடச் சொன்னார். ஜெர்மானியர் வீதிக்கு வந்தார்கள். பிறகு வாக்குச்சாவடிக்கும் வந்தார்கள். மறு ஆண்டு அவர் அணி பதவி இழந்தது. 1856 குடியரசுத் தலைவர் தேர்தலில் அக்கட்சி சார்பில் நின்ற ஃபில்மோர் வென்றது மேரிலாந்து ஒன்றையே. ஐரிஷ்காரரும் ஜெர்மானியரும் வெள்ளையர் என்பதால் இந்த உரிமை எளிதில் கிடைத்தது. அடிமைமுறைச் சண்டை அக்கட்சியை உடைத்தது. இவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும், வாக்கு உள்ளவரை எந்தக் கட்சியும் நெடுநாள் பகைக்க முடியவில்லை என்ற உண்மை நிற்கிறது.

இலங்கை இதற்கு நேர்மாறு. 1931இல் டொனமூர் அரசியலமைப்பு வாக்குரிமை தந்தபோதே தோட்டத் தமிழருக்கு அதைக் குறுக்கச் சிங்களத் தலைவர்கள் முயன்றார்கள். தொழிற்சங்கத் தலைவராக எழுந்த ஏ. ஈ. குணசிங்கவே முப்பதுகளில் இந்தியத் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பினார். 1939இல் அரசுத் துறை நாட்கூலி இந்தியர் நீக்கப்பட, இந்தியா ஆகஸ்ட் 1 முதல் கூலியாட்கள் அங்கே போவதைத் தடைசெய்தது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. வேறு பல தொகுதிகளில் தோட்ட வாக்கு இடதுசாரிகளுக்கு உதவியது. மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்காளர் பட்டியலிலிருந்தும் பெயர்கள் போயின. சுமார் ஏழு லட்சம் பேர் நாடற்றவர் ஆனார்கள். இலங்கைத் தமிழரின் கட்சியான தமிழ்க் காங்கிரஸ், இச்சட்டத்தைக் கொண்டுவந்த அரசில் சேர்ந்ததை ஏற்காத அக்கட்சித் தலைவர் செல்வநாயகம் பிரிந்து தமிழரசுக் கட்சி கண்டார் என்பது இங்கே நினைக்கத்தக்கது. வாக்கு பயன்பட்டது என்பதாலேயே அது பறிக்கப்பட்டது. வாக்கற்றவர்களைப் பங்கிடுவது பிறகு எளிதாயிற்று: 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதினார்கள். அந்த மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இன்று வட மாநிலத் தொழிலாளரைப் பற்றி நம் தேநீர்க்கடைகளில் எழும் பேச்சு — கூலியைக் கெடுக்கிறார்கள், பணத்தை ஊருக்கு அனுப்புகிறார்கள் — இரங்கூனில் நம்மைப் பற்றிப் பேசப்பட்டதுதான். குறைந்த கூலி என்ற குறை உண்மையானால், அதைக் கேட்க வேண்டிய இடம் கூலி கொடுப்பவரின் வாசல்.

இந்த வரலாறு முடிந்துவிடவில்லை. 1983க்குப் பின் வந்த இலங்கைத் தமிழருக்கான முகாம்கள் கடலூர் மாவட்டத்திலும் இருக்கின்றன. தமிழ்நாட்டு முகாம்களில் வாழ்வோரில் பல்லாயிரவர் மலையகத்தார். அவர்கள் முன்னோர் இந்த மண்ணிலிருந்து கங்காணியோடு போனவர்கள். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் அவர்களுக்கு இடமில்லை. அதே ஆண்டு சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, அத்தகையோர் சிலரின் குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்க வழிகாட்டியது. 2021இல் முகாம்களுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாறியது. பெயர் மாற்றம் போதாது. அவர்களுக்கு இந்தியக் குடியுரிமையும், வாக்காளர் பட்டியலில் இடமும் வழங்க ஒன்றிய அரசு இனியும் தாமதிக்கக் கூடாது.