கூடலூர்: சாலைகள் கூடும் மலையூர்

உதகையிலிருந்து நடுவட்டம் வழியாக இறங்கும் சாலையும், முதுமலைக் காட்டினூடே மைசூருக்குச் செல்லும் சாலையும், நாடுகாணி வழியே கேரளத்துக்குப் பிரியும் சாலையும் சந்திக்குமிடம் நீலகிரி மாவட்டத்துக் கூடலூர். ஆறுகள் சேருமிடத்தைக் கூடல் என்பது தமிழ் வழக்கு. இங்கே கூடுவன சாலைகளும் மொழிகளும். சந்தை நாளில் தமிழ், மலையாளம், கன்னடம், பணியர் மொழி ஆகிய நான்கும் காதில் விழும்.

1877 வரை இப்பகுதி மலபார் மாவட்டத்து வயநாட்டைச் சேர்ந்திருந்தது. அவ்வாண்டில் நிர்வாகம் நீலகிரிக்கு மாறினும், நில உரிமை மலபார் மரபிலேயே நின்றது. நிலம்பூர்க் கோவிலகத்தின் ஜன்ம உரிமையின்கீழ் நிலங்கள் இருந்தன. தோட்ட முதலாளிகள் அவற்றைக் குத்தகைக்குப் பெற்றனர். பணியரும் குறும்பரும் காட்டுநாயக்கரும் வாழ்ந்த மண்ணுக்கு, அவர்கள் பெயரில் ஏடு எதுவும் இல்லை.

இடையே ஒரு பொன் மயக்கம். உள்ளூர் மக்கள் நெடுங்காலமாகப் பொன் அரித்து வந்த தேவாலா, பந்தலூர்ப் பகுதிகளை 1879இல் அரசின் சார்பில் ஆராயத் தொடங்கினார் பிரஃப் ஸ்மித். அவரது அறிக்கையைத் தொடர்ந்து லண்டனில் சுரங்க நிறுவனங்கள் பல முளைத்தன. சில ஆண்டுகளில் அத்தனையும் அடங்கின. பொன் தோண்ட வந்த முதலீட்டைவிட நிலைத்து நின்றது தேயிலையே.

1964ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்திற்குப் பின் இலங்கையிலிருந்து திரும்பிய தோட்டத் தொழிலாளர் பலர் இங்கு குடியேற்றப்பட்டனர். அவர்களுக்கென அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள் 1976இல் 'டான்டீ' என்னும் கழகமாயின. ஒரு மலையில் கொழுந்து பறித்து வேரற்றவர்கள், மற்றொரு மலையில் மீண்டும் கொழுந்து பறிக்க வந்தனர்.

ஆயினும் கூடலூரின் பெயர் சட்ட நூல்களில் நிலைத்தது வேறொரு காரணத்தால். ஜன்ம நிலங்களை ரயத்துவாரியாக மாற்ற 1969இல் தமிழகச் சட்டமன்றம் இயற்றிய சட்டத்தை, வன நிலங்களைப் பொறுத்தவரை செல்லாதென 1972இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1974இல் நாடாளுமன்றம் அச்சட்டத்தை அரசமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் சேர்த்தது. அதிலிருந்து எழுந்த ஐ.ஆர்.கொயலோ வழக்கில், 24 ஏப்ரல் 1973க்குப் பின் அட்டவணையில் சேர்க்கப்பட்ட சட்டங்களையும் அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை அளவுகோலாகக் கொண்டு நீதிமன்றம் ஆராயலாம் என்று 2007 ஜனவரி 11இல் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். இந்திய அரசமைப்பின் பெருவழக்கொன்று இந்த மலைச்சரிவின் குத்தகைச் சீட்டிலிருந்து பிறந்ததென்பதைச் சட்டம் பயில்வோரிலும் சிலரே நினைவிற்கொள்கின்றனர்.

ஊர்மக்களுக்கோ அது 'பிரிவு 17 நிலம்' என்ற ஒற்றைச் சொல்லாகவே புழங்குகிறது. பட்டா கேட்டால், மின் இணைப்புக் கேட்டால், அச்சொல்லே விடையாக வந்தது. 1988இல் ஆயிரக்கணக்கான ஆதிவாசிகள் நில உரிமை கோரிக் கூடலூரில் பேரணியாக நடந்தனர்; அவர்கள் கேட்டது தாம் உழுத மண்ணுக்கான சீட்டு.

மைசூர்ச் சாலை, யானைகளும் பிற விலங்குகளும் அடிபடுவதைத் தடுக்க, 2009 முதல் பந்திப்பூர்க் காட்டில் இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை அடைக்கப்படுகிறது. நேரம் தவறிய சரக்கு வண்டிகள் விடியும்வரை காத்து நிற்கின்றன.